தெரியல மேடம்

எங்கள் பக்கத்தில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். தெரியாது என்ற சொல் யார் வாயிலிருந்தும் வராது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் நின்று, இல்லாத தெருவின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், “நேரா போயி லெப்ட்ல திரும்புங்க” என்று கை நீட்ட ஒருவர் இருப்பார். நானும் அந்த ரகம்தான். பிரம்மதேசத்தில் பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகள் என்ன கேட்டாலும் ஏதாவது ஒரு பதிலை எடுத்து வீசிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறவள். அதனால்தானோ என்னவோ, அந்த அம்மாவை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று புரியவில்லை.

பாண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். திரும்பின பக்கமெல்லாம் வரிசை. எதிரே ஓர் அம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெள்ளைக் கோட்டு, கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி, கையில் ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. ஆஸ்பத்திரி அட்டை மாட்டியிருந்ததால் தைரியமாகக் கேட்டேன்.

“மேடம், பணம் கட்டுற இடம் எங்கங்க?”

அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் ஏற்றிக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார்.

“தெரியலையே” என்றார்.

“இங்கதானே வேலை செய்றீங்க?”

“ஆமாம்மா. ஆனா நான் ஒரு நாளும் இங்க பணம் கட்டினதில்ல. வாங்க, சேர்ந்து தேடுவோம்.”

தேடினோம். முதலில் கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்தோம். அடுத்து, துவைத்த போர்வைகளை அடுக்கிவைக்கும் ஓர் அறைக்கு. ஒருவழியாகக் கண்டுபிடித்தபோது எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம். “ஓ, இங்கதான் இருக்குதா!” என்று ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறிப் போனார். மாடியில் வைரஸ் பரிசோதனைப் பிரிவுக்கே அவர்தான் தலைமை என்பது பிற்பாடு தெரிந்தது.  பணம் கட்டும் ஜன்னல் தெரியாதவர் கையிலா என் வீட்டுக்காரருடைய ரத்தம் போகப்போகிறது?

அட்டையில் அவர் பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் என் வீட்டுக்காரர் அன்றைக்கே அவருக்குத் ‘தெரியல மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் இன்றுவரை அந்தப் பெயர்தான்.

என் வீட்டுக்காரர் மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். வெயிலில் பாத்தி வரப்புகளில் நடந்து நடந்து இறுகிப்போன உடம்பு. காய்ச்சல் தலைவலி என்று ஒரு நாள் படுத்தவரில்லை. சிநேகிதர்களோடு ரத்ததானம் செய்யப் போனார். சில நாள் கழித்துப் போன் போட்டு வரச்சொல்லி, தனியாக உட்காரவைத்து, ஹெபடைடிஸ் சி என்று சொல்லிவிட்டார்கள். கல்லீரலில் சத்தம் காட்டாமல் குடியிருக்கிற வைரஸ். வருஷக்கணக்காக ஒன்றும் தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போது கல்லீரல் சுருங்கிப்போயிருக்கும் என்றார்கள். கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பாண்டி டாக்டர், “இதுக்கு மாத்திரை வந்துடுச்சும்மா, குணமாகிடும்” என்று சொன்னபோதுதான் உயிர் வந்தது.

கூடவே இன்னொன்றும் சொன்னார். அந்த வைரஸில் பல வகைகள் இருக்கின்றன. இன்ன வகை என்று தெரிந்தால்தான் இன்ன மாத்திரை என்று முடிவு செய்ய முடியும். மாற்றிக் கொடுத்தால் அடங்கின மாதிரி அடங்கி மறுபடி தலைதூக்கலாம். இப்போது எல்லா வகைக்கும் சேர்த்து மாத்திரை வந்துவிட்டது என்கிறார்கள். எங்களுக்கு வந்த காலத்தில் அப்படி இல்லை. வகையைக் கண்டுபிடிக்கிற வேலை மாடியில் இருந்த குடைக்கார அம்மாவுடையது.

அது உப்பு வாரும் பருவத்தின் உச்சம். களத்தை விட்டு இவர் நகர முடியாது. அதனால் மரக்காணத்திலேயே ரத்தம் எடுத்து அனுப்புவதாக ஏற்பாடு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லேப் இருந்தது. அனுமந்தையிலிருந்து வரும் ஒரு பெண்தான் அங்கே எல்லாம். அவள் ரத்தம் எடுத்து ட்யூபை மூடிக் கொடுப்பாள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டுவது மட்டும் தன் பொறுப்பு என்று இவர் பிடிவாதமாக எடுத்துக்கொண்டார். டேப் ஒட்டி, கயிறு கட்டி, பெண்ணை மறுவீட்டுக்கு அனுப்புகிற மாதிரி பத்திரம் சொல்லி என் கையில் கொடுப்பார். நான் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பாண்டி போவேன்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா என்னை மாடிக்குக் கூப்பிட்டார். கண்ணாடி நெற்றிக்குப் போனது. மேஜையில் குச்சி மாதிரி மெல்லிய ஒரு வெள்ளைப் பட்டை இருந்தது.

“இந்த மேல் கோடு தெரியுதா? பட்டை நல்லா இருக்குதுன்னு அர்த்தம். இதுக்குக் கீழ எந்தெந்த இடத்துல கோடு விழுதோ அதை வச்சுதான் வகை சொல்லணும். உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமே விழல.”

“அப்போ வைரஸ் இல்லைங்களா மேடம்?” என்று ஆசையாகக் கேட்டேன்.

“இருக்குதும்மா. அது முதல்லயே பார்த்தாச்சு. இது இல்லன்னு சொல்லல. வாயே திறக்காம உட்கார்ந்திருக்குது. ரத்தம் கெட்டுப்போய் வந்திருக்குது. ஏன்னு தெரியல.”

மறுபடி எடுத்து அனுப்பினோம். மறுபடியும் அதே கதை. ரத்தத்தைச் சுழற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டுமாம். எங்களுடையது பீட்ரூட் சாறு மாதிரி சிவப்பாக நின்றது. இரண்டாவது ட்யூப் முதலாவதைவிட மோசம் என்றார்.

அன்று நான் மாடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது டாக்டரே ஏறி வந்தார்.

“நம்ம பக்கம் வர்றது பெரும்பாலும் மூணாம் வகைதான் மேடம். அதையே போட்டுக் கொடுத்துடுங்களேன். நான் மாத்திரை ஆரம்பிச்சுடறேன்.”

“இருக்கலாம் டாக்டர். ஆனா எனக்குத் தெரியல.”

“ஒரு உத்தேசமாத்தான்.”

“உத்தேசம்னா நீங்களே எழுதிக்கலாமே? என் கையெழுத்து எதுக்கு?”

சண்டையில்லை, குத்தலில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டாக்டரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரை கைக்கு எட்டுகிற நேரத்தில் இப்படி ஒரு முட்டுக்கட்டையா! எழுந்து போய்க் கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியலன்னா, தெரிஞ்சவங்க வேற யாராவது இந்த ஆஸ்பத்திரியில இருக்காங்களா?”

வேறு யாராக இருந்தாலும் என்னை வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். அவர் அதை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். யோசித்துப் பார்த்து, “இதுக்கு வேற யாரும் இல்லம்மா. நான் ஒருத்திதான்” என்றார். அப்புறம் எப்படிச் சண்டை போடுவது? காற்றுப் போன டயர் மாதிரி உட்கார்ந்துவிட்டேன். அவர் தன் ஃபிளாஸ்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். சர்க்கரை இல்லை. போட மறந்துவிட்டாரா, போடுவதே இல்லையா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

காபி குடித்த தைரியத்தில், வீட்டில் யாரிடமும் கேட்காததை அவரிடம் கேட்டேன்.

“மேடம், இது இவருக்கு எப்படி வந்திருக்கும்?”

ரத்ததானச் செய்தி கசிந்த நாளிலிருந்து ஊரில் ஆளுக்கொரு கதை. என் நாத்தனார் என் முகத்துக்கு நேராகவே, “என் தம்பி லாரி ஆளுங்களோட சேர்ந்து எங்கெங்கியோ போயி வந்தவன்தானே” என்று இழுத்திருந்தார். நான் நம்பவில்லை. ஆனால் ராத்திரி படுத்தால் அந்த வார்த்தை காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

மேடம் என் முகத்தைப் பார்த்தார். அவசரப்படாமல் சொன்னார்.

“ரத்தத்து வழியா வர்றது. ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போட்டிருப்பாங்க, அதுல வந்திருக்கலாம். ஆபரேஷன்ல, பல் பிடுங்கினதுல, சவரக் கத்தியில, பச்சை குத்தினதுல, எதுல வேணாலும் வந்திருக்கலாம். இவருக்கு எதுலன்னு தெரியல. இந்தப் பட்டை அதைச் சொல்லாது. உங்க மனசுல என்னா ஓடுதோ அதையும் சொல்லாது.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு லேசாகிவிட்டது. இத்தனை மெஷினை வைத்துக்கொண்டு ரத்தத்தையே பிரித்துப் பார்க்கிறவருக்குத் தெரியாதது, என் நாத்தனாருக்கு மட்டும் எங்கிருந்து தெரிந்தது? வீட்டுக்குப் போனதும் அதை அவரிடமே கேட்டேன். “அண்ணி, பாண்டி மேடமுக்கே தெரியலையாம். உங்களுக்கு யாரு சொன்னாங்க?” அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றது.

இதற்கிடையில் பழி அனுமந்தைப் பெண்மேல் விழுந்தது. ஊசி குத்தத் தெரியாதவள் எடுத்தால் ரத்தம் இப்படித்தான் உடையும் என்று பாண்டியில் யாரோ சொல்ல, அது மரக்காணம் வரைக்கும் வந்துவிட்டது. லேப் முதலாளி அவளை நிறுத்திவிடுவதாகப் பேச்சு. அவள் எங்கள் வாசலில் வந்து நின்று, “டீச்சர், நான் ஒழுங்காத்தான் எடுத்தேன்” என்று அழுதாள். முதலாளி என் எதிரிலேயே மேடமுக்குப் போன் போட்டார். “பொண்ணு மேலதான் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம், நான் வேற ஆள் பார்த்துக்கறேன்.”

ஸ்பீக்கரில் அந்தக் குரல் நிதானமாக வந்தது. “தெரியலைங்க. நான் பக்கத்துல இருந்து பார்க்கலையே.”

“பின்ன வேற யாரு தப்பு மேடம்?”

“அதுவும் தெரியல. ஞாயித்துக்கிழமை வர்றேன். பார்த்தாத்தானே தெரியும்.”

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சுட்டெரிக்கிற வெயிலில் பாண்டி பஸ்ஸிலிருந்து அந்தக் கறுப்புக் குடை முதலில் இறங்கியது. பின்னாலேயே அவர்.

லேப்பில் அந்தப் பெண் பயந்துகொண்டேதான் இவருக்கு ரத்தம் எடுக்க ஊசியைப் பிடித்தாள். ஆனால் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டாள். மேடம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “என் கையைவிட நல்ல கை” என்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ட்யூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை.

“சரி, பெட்டியைக் கட்டுங்க” என்றார்.

இவர் ஐஸை உடைத்துப் பெட்டியில் கொட்டினார். ட்யூபை நடுவில் நட்டுவைத்தார். பிறகு வெகு இயல்பாக, வாசலில் நின்ற தன் வண்டியிலிருந்து ஒரு பையை எடுத்துவந்து, கல்லுப்பை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி ஐஸ் மேல் போட்டார்.

மேடமுடைய கண்ணாடி நெற்றிக்குப் போனது. “என்னங்க அது?”

“உப்பு மேடம். நம்ம களத்து உப்பு.”

“எதுக்கு?”

“வெறும் ஐஸ் பாண்டி போறதுக்குள்ள சூடேறிடும் மேடம். உப்பு போட்டா கல்லு மாதிரி பிடிக்கும். பாண்டியில குல்ஃபி போடறவங்க எங்கிட்டதான் உப்பு எடுக்கறாங்க. எனக்குத் தெரியாதா?” இவர் குரலில் அப்படி ஒரு பெருமை. “மொத தடவை கொஞ்சமாத்தான் போட்டேன். கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களா, ரெண்டாவது தடவை நெறைய போட்டேன்.”

மேடம் கைப்பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து ஐஸுக்குள் செருகினார். சற்றுப் பொறுத்து எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“ரத்தத்தைக் குல்ஃபி பண்ணிட்டீங்களே!”

சிரிப்பு அடங்கினதும் விளக்கினார். ரத்தம் ஜில்லென்று இருக்கலாம், உறையக்கூடாது. உப்பு சேர்ந்த ஐஸ் சாதாரண ஐஸைவிடக் குளிர்ந்துபோகிறது. அதில் ரத்தம் உறைந்து, பாண்டி போய் இளகும்போது உள்ளே இருக்கும் சிவப்பணுக்கள் உடைந்துவிடுகின்றன. அந்தச் சிவப்பு கலந்தால் வைரஸ் வகை பார்க்கிற டெஸ்ட் நடக்காது. இவர் முகத்தில் ஈயாடவில்லை. பத்திரம் பத்திரம் என்று தன் ரத்தத்தைத் தானே கெடுத்து அனுப்பியிருக்கிறார். அனுமந்தைப் பெண் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. இவர் அவளைப் பார்த்து, “மன்னிச்சுக்கம்மா” என்றார்.

“விடுங்க” என்றார் மேடம். “புஸ்தகத்துல ஐஸ்ல வைன்னுதான் போட்டிருக்குது. உப்பு போடாதேன்னு எங்கயும் போடல. இப்படி ஒருத்தர் உப்பு போடுவாருன்னு எனக்கும் இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

சாயங்காலம் உப்பளத்தைச் சுற்றிப் பார்த்தார். குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் தடுமாறி நடந்து, பாத்தி பாத்தியாகக் கேள்வி கேட்டார். போகும்போது மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லி, புதுப் பெட்டியில் உப்பில்லாத ஐஸைப் போட்டு, ட்யூபைச் செய்தித்தாளில் சுற்றி ஐஸ் மேல் படாமல் வைத்து, தன் மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஜன்னல் வழியே இவருக்குக் கை காட்டினார். இவர் பதிலுக்குக் கும்பிட்டார்.

அந்தச் சின்ன லேப்பில் இன்றைக்கும் ஓர் அட்டை தொங்குகிறது: ‘ஐஸில் உப்பு போடக் கூடாது’. அந்தப் பெண் தன் கையால் எழுதி மாட்டியது. சர்க்கரை டெஸ்ட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஒன்றும் புரியாமல் முழிப்பார்கள். நான் அங்கே போகிற ஒவ்வொரு முறையும் எனக்குச் சிரிப்பு வரும்.

மேடம் மடியில் கொண்டுபோன ரத்தத்துக்கு இந்த முறை பட்டையில் கோடுகள் விழுந்தன. நாங்கள் இருவருமே போயிருந்தோம். ஊதாவும் பழுப்புமாக, பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கோடுகள். மேடம் எந்தக் கோடு எந்த வகை என்று போட்டிருக்கும் ஓர் அட்டையைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கோடாக எங்களுக்குக் காட்டினார்.

“மூணாம் வகை.”

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். “இதைத்தானே மேடம் டாக்டர் அன்னைக்கே சொன்னாரு?” என்றேன். என் குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்திருக்கும்.

“ஆமாம்மா. அவரு சொன்னது சரியாப்போச்சு” என்று அவர் மனம் நிறைந்து ஒத்துக்கொண்டார். “ஆனா அன்னைக்கு அவருக்கும் தெரியாது.”

இப்படி ஒரு மனுஷியிடம் கோபித்துக்கொண்டு இருக்க முடியுமா? அன்றோடு நான் அவர் கட்சிக்கு மாறிவிட்டேன். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. சொல்லிவிடுகிறேனே, என் கூடப் பிறந்தவர்களைவிடப் பிடித்துப்போய்விட்டது.

மாத்திரை ஆரம்பித்தது. இவருக்கு அந்தச் சொல் தொற்றிக்கொண்டதும் அந்த மாதங்களில்தான். உப்பு எடுக்க வருகிற லாரிக்காரர்கள், “மழை வருமா முதலாளி?” என்று கேட்பார்கள். முன்பெல்லாம் இவர் வானத்தைப் பார்த்து, வரும், வராது என்று தீர்ப்பு எழுதிவிடுவார். இப்போது இல்லாத கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளுகிற மாதிரி கையைத் தூக்கி, “தெரியலைப்பா” என்பார். சொல்லிவிட்டுத் தார்ப்பாயை எடுத்து உப்புக் குவியலை மூடிவைப்பார்.

மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு டெஸ்ட் உண்டு. அதில் வைரஸ் இல்லையென்றால்தான் குணம் என்று கணக்கு. ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். ரிப்போர்ட் தருவதாகச் சொன்ன நாளில் கிளம்பி நின்றபோது போன் வந்தது. “மேடம் நாளைக்கு வரச் சொன்னாங்க.” ஏன் என்று கேட்டால், அவர்களுக்கும் தெரியவில்லை. நல்ல சேதியாக இருந்தால் ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? இவர் அன்றைக்குக் களத்துக்குப் போகவில்லை. வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.  

மறுநாள் மாடிக்குப் போனோம். அவர் எங்களுக்காக வாசலிலேயே நின்றிருந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. அதைப் பார்த்ததுமே நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கண்ணாடி அங்கே ஏறினால் என்ன வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியாதா?

“ஒரு நாள் காக்க வச்சுட்டேன்” என்றார். “நேத்தே பார்த்துட்டேன். பார்த்ததை நம்பாம மறுபடி முதல்லேர்ந்து பார்த்தேன்.”

நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் ஒழுங்காக மாட்டினார். இவரை நேராகப் பார்த்தார்.

“இல்ல. உங்க ரத்தத்துல அந்த வைரஸ் இல்ல.”

 இவர், “தெரியுமா மேடம்? நல்லாத் தெரியுமா?” என்றார்.

“தெரியும்” என்றார் அவர்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு இவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கண்டக்டர் வந்து, “எங்க சார்?” என்றார்.

“மரக்காணம் ரெண்டு. தெரியும்னு சொல்லிட்டாங்க.”

“இன்னா சார் தெரியும்?”

இவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  நான்தான் காசை நீட்டிக்கொண்டே சொன்னேன். “இவரு நல்லாயிட்டாருன்னு.”